வெளுத்ததெல்லாம் உப்பல்ல

பாசையூர்.

என் அன்பு மகள் யசிந்தாவுக்கு,

நீயும் மருமகனும் அந்தக் குளிரிலும் நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டுமென்று தேவமாதாவிடம் கேட்டுக்கொண்டு அம்மா எழுதுகிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை. மழை விட்டுவிட்டது, கடல் நாலு நாளாக எண்ணெய் ஊற்றியதுபோல் கிடக்கிறது, விடியலில் கரையில் நின்றால் தண்ணீர் எங்கே முடிகிறது வானம் எங்கே தொடங்குகிறது என்றே தெரிவதில்லை. போன ஞாயிறு நீ டிலக்ஷன் எங்கே என்று கேட்டபோது லைன் சரியில்லை என்று போனை வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது பிள்ளை. வாயால் சொல்ல முடியாததைத்தான் கடதாசியில் எழுதுகிறேன்.

நீர்கொழும்பில் உன் பெரியம்மாவைப் பார்த்துவிட்டு, கொழும்பில் நண்டு இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பிய எங்கள் மீன் லொறியிலேயே நானும் வந்தேன். ஆறு வருடமாக எங்களுக்கு ஓட்டும் டிலக்ஷன்தான் ஓட்டினான். ஆனையிறவுக்கு வரும்போது கிழக்கு வெளுக்கிற நேரம், அந்த இடத்தில் ஸ்டியரிங்குக்கு முன்னால் இருக்கும் பலகையில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது, லொறி இழுவையை விட்டுவிட்டது. எவ்வளவு மிதித்தாலும் சைக்கிள் வேகம்தான். “அன்ரி, புகைக் குழாய்ப் பக்கம் ஏதோ பிழை, கம்பியூட்டர் வேகத்தைப் பிடிச்சு வைச்சிருக்கு” என்று அவன் வியர்த்துப்போய்ச் சொன்னான். எனக்கோ அந்த மெதுவான போக்கு பிடித்துப்போனது. இரண்டு பக்கமும் தண்ணீர், தண்ணீருக்கு மேலே பனி, பனிக்குள் பூநாரைகள் ஒற்றைக்காலில் நித்திரை. ரோட்டே தெரியவில்லை, வள்ளத்தில் மிதந்து போவதுபோல இருந்தது, வள்ளத்தின் முன்நுனியில், அணியத்தில், உன் அப்பா முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

அப்படியே ஊர்ந்து நெல்லியடியில் லொறி திருத்துகிற சிவரூபனின் கராச்சுக்குக் கொண்டுபோனோம். அவன் பிழை பார்க்கிற மெசினை லொறியில் கொழுவிப் பார்த்தான், கோட் என்று ஒரு பிழை இலக்கம் வந்தது. புகையில் இருக்கும் நஞ்சை முறிக்க இந்த லொறி புகைக் குழாய்க்குள் யூரியாத் தண்ணீரைத் தூவுமாம், இப்போது புகை போதிய அளவு சுத்தமாகவில்லை என்பதுதான் கோட்டின் அர்த்தமாம். “யூரியாத் தண்ணி பழுதாயிருக்கலாம், இல்லாட்டி போய்ச் சேராமல் இருக்கலாம், இல்லாட்டி சுத்தமாக்கிற பெட்டியே செத்திருக்கலாம். ஆரும் பச்சைத் தண்ணி கலந்தாலும் இந்தக் கோட் வரும்” என்றான். அவன் சொன்ன மற்றது ஒன்றும் என் காதில் ஏறவில்லை, கடைசிப் பேச்சு மட்டும் ஏறியது. இரண்டு மாதமாக அந்த யூரியாத் தண்ணீர் வழமையைவிடக் கெதியாகத் தீர்ந்துகொண்டிருந்தது, அதை ஊற்றுகிறவன் டிலக்ஷன். லொறியைச் சிவரூபனிடம் விட்டுவிட்டு வந்தோம். அடுத்த நாள் காலை மீன் சந்தையில், அத்தனை சனத்துக்கும் முன்னால், “யூரியாவை வித்துப்போட்டுப் பச்சைத் தண்ணியை விட்டனியோ?” என்று கேட்டுவிட்டேன். அவன், “நான் விடேல்லை அன்ரி” என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தான்.

அன்று பின்னேரம் கராச்சுக்குப் போனேன். சிவரூபன் யூரியாத் தாங்கியிலிருந்து ஒரு துளி எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற ஒரு சின்னக் கண்ணாடியில் விட்டுப் பார்த்தான். “இதிலை ஒரு சொட்டும் கலக்கேல்லை அக்கா” என்றான். அப்படியென்றால் அந்த யூரியாத் தண்ணீர் எங்கே போகிறது? அவன் கீழே படுத்தான், நானும் சேலையைச் செருகிக்கொண்டு குந்திப் பார்த்தேன். தூவுகிற முனைக்குக் கிட்டக் குழாய் மூட்டு முழுவதும் வெள்ளையாய்ப் பூத்திருந்தது. ஐஸ் உருகி வடியும் உப்பென்று நாங்கள் எல்லோரும் நினைத்து விட்டிருந்த வெள்ளை. சிவரூபனும், “மீன் லொறியெண்டா உப்புத்தானே” என்று துடைக்கப் போனான். நான் சுரண்டி நாக்கில் வைத்தேன். “ஐயோ அக்கா, இதை ஏன் வாயிலை வைக்கிறியள்!” என்று கத்தினான். பிறந்ததிலிருந்து உப்புக்குள் கிடக்கிறவள் நான், அது உப்பில்லை. குளிர்ந்து கசந்தது. துடைத்துவிட்டு இயந்திரத்தை ஓடவிட்டுப் பார்த்தால், அந்த மூட்டிலிருந்து துளி துளியாய் ஊறி, சூட்டில் காய்ந்து, எங்கள் கண்ணுக்கு முன்னாலேயே வெள்ளையாகிறது. மீன் தண்ணீரில் மூட்டு அரித்துப்போயிருக்கிறது, புகைக்குப் போகவேண்டியதில் பாதி ரோட்டில் ஒழுகியிருக்கிறது. மூட்டு, குழாய் இரண்டையும் மாற்றி, கோட்டை அழித்து, பருத்தித்துறை வரை ஓடிப் பார்த்தோம். விளக்கு எரியவில்லை.

நேரே டிலக்ஷன் வீட்டுக்குப் போனேன். ஏழு மாத வயிற்றோடு அவன் மனைவிதான் நான் இருக்கக் கதிரை போட்டாள். டிலக்ஷனிடம் மன்னித்துக்கொள் என்றேன். அவன் கோபப்படவில்லை, அதுதான், பிள்ளை, எனக்குப் பொறுக்கவில்லை. “லொறிக்கு விளக்கு எரிஞ்சவுடனை மெசினைக் கொழுவிப் பாத்தியள். என்னட்டை ஒண்டும் கேட்டுப் பாக்கேல்லையே அன்ரி” என்றான். பிறகு, “சந்தையிலை சொன்னதைச் சந்தையிலை வந்து சொல்லுங்கோ” என்றான்.

சொன்னேன். மறுநாள் காலை, ஏலம் கூறுகிற செபநாயகம் அண்ணையை நிற்பாட்டச் சொல்லி ஒரு மீன் பெட்டிக்கு மேல் ஏறி நின்றேன். “டிலக்ஷன் களவெடுக்கேல்லை. லொறிதான் ஒழுகினது. பிழை என்ரை” என்றேன். ஐஸ் புகை எல்லோருடைய காலுக்குள்ளாலும் மெல்ல மெல்லப் போய்க்கொண்டிருந்தது, நான் எந்த உலகத்தில் நிற்கிறேன் என்றே எனக்குத் தெரியவில்லை. சனத்தை விலக்கிக்கொண்டு அவன் வந்து, லொறியை எடுக்கத் திறப்புக்குக் கையை நீட்டினான்.

இப்போது திரும்ப ஓட்டுகிறான். ஓம், சரி என்று எல்லாவற்றுக்கும் மரியாதையாகப் பதில் வருகிறது. ஆனால் அன்றிலிருந்து என்னை அன்ரி என்று கூப்பிடவில்லை. அவசரப்படுத்த எனக்கு உரிமை இல்லை, காத்திருக்கிறேன்.

நீ வேலைக்குப் போகும்போது காதை மூடிக்கொண்டு போ, இருமலுக்கு அனுப்பிய கொத்தமல்லித் தூளை மறக்காமல் அவித்துக் குடி. மாதா உங்கள் இருவரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும்.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
றெஜினா