ராத்திரிக்கு லேசாக

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன்.

போன வாரம் இங்கே வெயில் கொளுத்தியது. நான் சமைக்கும் வீட்டு முதலாளியம்மா சோறே வேண்டாமென்றார். மீனை எண்ணெயில்லாமல் வாட்டி, மாம்பழமும் அன்னாசியும் நறுக்கி வைத்தேன். தட்டை வழித்துச் சாப்பிட்டார்.

"லேசா இருக்கு. கோடை முழுக்க ராத்திரிக்கு இதுவே போதும், உலை வைக்காதே."

"எனக்கு மட்டும் ஒரு பிடி அரிசி போட்டுக்கட்டுமாம்மா?"

"உனக்கும் உடம்பு இளைக்கட்டுமே!"

வீடே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன்.

எனக்கு மிஞ்சுவது மீன் தலையும் மாங்கொட்டையும்தான். அதைச் சப்பிவிட்டு அவர்கள் துணிக்கு இஸ்திரி போடுகிறேன். பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டவேண்டியிருக்கிறது, மற்றபடி குறையில்லை.

கொஞ்சம் அவலும் வெல்லமும் அனுப்பு. பொட்டலத்தின்மேல் 'மருந்து' என்று எழுது. இல்லாவிட்டால், "நாங்க சோறு போடலையா?" என்று கோபித்துக்கொள்வார்கள்.

மணி அடிக்கிறார்கள், ஓடுகிறேன்.

உன் மகள்