சிவப்புக்கு வந்த முள்

தென்காசி,
3-2-2025

அன்புள்ள அத்தானுக்கு, சங்கரேஸ்வரி எழுதுவது. நானும் ஜெயபிரியாவும் மாமாவும் நலம். போர்ட் பிளேயர் ராணுவ முகாமில் உங்கள் உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் எதைக் கேட்டாலும் கடலைக் காட்டிப் பேச்சை மாற்றிவிடுகிறீர்கள். பக்கத்தில் மாமா வேறு இருக்கிறார். அதனால்தான் ஸ்பீடு போஸ்ட்.

ஜெயபிரியாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. கிணற்று மோட்டாரை மாமா சரிசெய்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஸ்கூபா வகுப்பில் நீங்கள் எடுத்து அனுப்பிய ஆமை வீடியோவை டீக்கடை முழுக்கக் காட்டி, “எம் மவன் கடலுக்கு அடியிலயும் டூட்டி பாக்கான்லா” என்று சொல்லிவிட்டு வந்தார்.

நான் ஆமையைப் பார்க்கவில்லை. உங்கள் இடது கையில் இருந்த காற்று மீட்டரைப் பார்த்தேன். பத்து வருடமாக ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் சிலிண்டர் மாற்றுகிறவள் நான். காற்று தீரப்போகிறது என்று முள் சிவப்புக்கு வந்தால் சாப்பாட்டில் இருந்தாலும் எழுந்து ஓடுவேன். உங்கள் முள் சிவப்புக்குள் போன பிறகும் நீங்கள் ஆமையின் பின்னாலேயே போகிறீர்கள். சொல்லித்தரும் மாஸ்டர் இரண்டு தடவை கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறார். அது பாராட்டு என்று மாமா நினைக்கிறார். மேலே ஏறு என்று அர்த்தம் என்பதை முதல் வகுப்பு முடிந்ததும் நீங்கள்தானே எனக்குச் சொன்னீர்கள்? கடைசியில் அவர் கை வந்து கேமராவை மூடுகிறது. சார்ஜ் தீர்ந்துவிட்டது என்று எங்களிடம் சொன்னீர்கள். ஐந்து விரலும் தெரிகிறது, அத்தான். பிள்ளை மட்டும், “ஏம்மா, அங்கன ராத்திரி ஆயிட்டா?” என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

போன சீசனில் பழைய குற்றாலத்தில் நடந்ததை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உடை மாற்றிவிட்டு வெளியே வந்தபோது பார்த்தேன். தண்ணீர் செம்மண் நிறத்தில் இறங்குகிறது, விசில் ஊதுகிறார்கள், எல்லோரும் ஓடுகிறார்கள். படியில் உட்கார்ந்து காலை நனைத்துக்கொண்டிருந்த பிள்ளையை நீங்கள் போனில் வீடியோ எடுத்துச் சிரித்துக்கொண்டு நின்றீர்கள். ஓடிவந்து தூக்கியது செங்கோட்டைக்கார அம்மா ஒருத்தி. “என்னய்யா அப்பன் நீ” என்று கேட்டுவிட்டுப் போனாள். நீங்கள் தூக்கியதாக வீட்டில் வந்து சொன்னீர்கள். மாமா இன்றைக்கும் அதைச் சொல்லிப் பெருமைப்படுகிறார். அன்றைக்கே உங்களிடம் கோபப்பட்டிருக்க வேண்டும்.

பதினாறாம் தேதி அறுபது அடி ஆழத்துக்குப் போகிறீர்கள். கற்று முடிக்கும்வரை கேமரா கூடாது என்று மாஸ்டர் சொன்னதையும், கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதம் வாங்கியதையும் சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, பயமாக இருக்கிறது. வகுப்பை விடச் சொல்லவில்லை. ஆசைப்பட்டதைக் கற்றுக்கொள்ளுங்கள். கேமராவை மட்டும் கரையில் வைத்துவிட்டு இறங்குங்கள். பார்த்ததை வாயால் சொன்னால் போதும், பிள்ளை நம்புவாள். அவ்வளவு ஆழத்துக்குச் செங்கோட்டைக்கார அம்மா வரமாட்டாள்.

இலஞ்சி முருகனிடம் வேண்டியிருக்கிறேன். அன்றைக்கு மேலே ஏறியதும் எனக்குப் போன் செய்யுங்கள். கடலைக் காட்ட வேண்டாம். உங்கள் முகத்தைக் காட்டுங்கள்.

போனைக் கையிலேயே வைத்திருக்கும்,
சங்கரேஸ்வரி