நிலாவுக்கு ஏறாத டஸ்ட்

ஆகஸ்ட் 11

பாய்லருக்கு வந்த விறகு முழுக்க ஈரம். காலையிலிருந்து புகை. கண் எரிச்சலோடு நின்றுகொண்டிருந்தபோது முதலாளி எல்லாரையும் டிரையர் பக்கம் வரச் சொன்னார்.

நம் ஃபேக்டரி டீத்தூள் நிலாவுக்குப் போகிறதாம்.

இது வெள்ளியங்கிரி முதலாளிக்குத் தானாகத் தோன்றிய யோசனை இல்லை. அவருடைய அக்கா மகன் கணேசன் கொண்டுவந்தது. கோயமுத்தூரில் எம்.பி.ஏ. படித்துவிட்டு மூன்று மாதமாக இங்கே ஆபீஸ் ரூமில் உட்கார்ந்து எங்களை எல்லாம் 'ரிசோர்ஸ்' என்று கூப்பிடுகிறவன். அமெரிக்காவில் ஏதோ ஒரு தனியார் கம்பெனி நிலாவில் விண்கலம் இறக்கப் போகிறது. போகிற போக்கில் பல நாட்டுக்காரர்களிடமிருந்து விரல் நகம் அளவு டப்பாக்களையும் வாங்கி ஏற்றிக்கொள்கிறார்கள். அதில் ஒரு டப்பா நமக்கு.

"யார் போட்ட தூள் நிலாவுக்குப் போகுதோ, கொர்னேலியஸ் ஐயா ரிட்டையர் ஆனதும் அவங்கதான் இங்க டீ மேக்கர்" என்று முதலாளி கத்தினார். நாற்பது பேர் சாட்சி.

பதினெட்டு வருஷமாக நான் அசிஸ்டென்ட். கொர்னேலியஸ் ஐயாவுக்கு ஜலதோஷம் பிடித்தால் அவருடைய மூக்கும் நான்தான். இலை வாடியது போதுமா, புளித்தது போதுமா, எல்லாம் மோந்து பார்த்துச் சொல்வது நான். ஆனால் இந்தச் சுற்று வட்டாரத்தில் ஒரு பொம்பளை டீ மேக்கரை இதுவரை நான் பார்த்ததில்லை.

எனக்கு அந்த வேலை வேண்டும். வாயால் சொல்ல வெட்கமாக இருக்கிறது, அதனால் எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 19

போட்டுவிட்டேன். சூப்பர் ரெட் டஸ்ட் ரகத் தூள். சாயம் பார்த்தால் குங்குமம் கரைத்த மாதிரி.

கொர்னேலியஸ் ஐயா ஒரு வாய் உறிஞ்சித் துப்பினார். மறுபடி உறிஞ்சினார். இந்தத் தடவை விழுங்கிவிட்டார். முப்பது வருஷத்தில் அவர் சாம்பிளை விழுங்கி யாரும் பார்த்ததில்லை. "இதைத்தாம்மா அனுப்பணும்" என்றார்.

ஆகஸ்ட் 23

சனிக்கிழமை. குந்தா பவர் ஹவுஸ் வேலையிலிருந்து என் வீட்டுக்காரர் வந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"ஏனுங்க, அங்க வெந்நீர் கிடைக்குமா?" என்கிறார். என்னை 'ஏனுங்க' என்று கூப்பிட்டால் கிண்டல் ஆரம்பம் என்று அர்த்தம். "பால் எப்படி? பவுடர் பாலா?"

பாலன் என்று பேர் வைத்தவர்களைச் சொல்ல வேண்டும். நாற்பத்தெட்டு வயதிலும் பாலன்தான்.

செப்டம்பர் 2

டப்பாவை அனுப்பியாச்சு. கம்பெனி ஃபார்மை நிரப்பச் சொல்லி கணேசன் என்னிடம் தந்தான். குன்னூர் ஏலத்துக்குச் சாம்பிள் அனுப்பும்போது எழுதுகிற சீட்டு மாதிரிதான் இருந்தது. ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

செப்டம்பர் 26

செத்தேன்.

ஃபார்மில் 'உள்ளே இருக்கும் பொருள்' என்று ஒரு கட்டம். நான் என்ன எழுதியிருக்கிறேன்? 'டஸ்ட்.' பதினெட்டு வருஷமா எழுதின கை, வேற என்ன எழுதும்? தூள்ல பொடி ரகம்னா டஸ்ட்தானே! இங்க குழந்தையைக் கேட்டாக்கூடச் சொல்லும்.

அமெரிக்காக்காரனுக்கு டஸ்ட்டுன்னா தூசி. 'தூசி ஏற்ற அனுமதியில்லை. கருவிகளுக்கு ஆபத்து. டப்பாவை அழித்துவிட்டோம். தூசி ஏன் அனுப்பினீர்கள் என்று விளக்கம் தரவும்'னு கடுதாசி போட்டிருக்கான்.

போற இடம் பூராவும் தூசிதானேய்யா! அங்க போய் இறங்கறதுக்கு என் ரெண்டு சிட்டிகை தூளு ஆகாதா?

கணேசன் அதை எல்லார் முன்னாடியும் சத்தமா படிச்சான். ரெண்டு தடவை. முதலாளி என்னைப் பார்த்து, "ஒரு ஃபார்ம் நிரப்பத் தெரியல. இதுல ஃபேக்டரிய நடத்துவியாம்மா?" அப்படின்னார்.

தூள் சலிக்கிற ரூமில் போய் அழுதேன். அங்கே தூள் பறந்து எப்போதும் எல்லார் கண்ணும் சிவந்துதான் இருக்கும். யாரும் கேட்கவில்லை.

செப்டம்பர் 29

விளக்கம் எழுதியதும் வேறு அனுப்ப ஒப்புக்கொண்டார்களாம், மாற்று டப்பா போய்விட்டது. உள்ளே முழு இலை டீ. சுருள் சுருளாக, அழகாக.

எங்கள் ஃபேக்டரியில் இருப்பது சி.டி.சி. மெஷின். இலையைக் கடித்துத் துப்பிக் குருணை ஆக்கும். அதிலிருந்து முழு இலை வருவது மாட்டிலிருந்து முட்டை வருகிற மாதிரி. கணேசன் நேற்று குன்னூர் பஜாரில் டூரிஸ்ட் கடையில் வாங்கி வந்திருக்கிறான். பில்லை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தான், புத்திசாலி.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவருக்குத் தெரியுமாம். "அங்க போய் யாரும்மா குடிச்சுப் பார்க்கப் போறாங்க? நீ வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இரு."

ஏப்ரல் ஒன்றிலிருந்து டீ மேக்கர் கணேசனாம்.

சும்மா இருந்தேன். வேறென்ன செய்ய?

ஜனவரி 21

ராக்கெட் கிளம்பிவிட்டது. முதலாளி கேட்டில் பூசணிக்காய் உடைத்தார். 'நிலாவில் இறங்கிய டீ' என்று பாக்கெட்டும் அடித்து வந்து இறங்கிவிட்டது. நிலாவுக்கு இன்னும் இருபது நாள் இருக்கிறது.

பிப்ரவரி 10

மதியம் இரண்டு மணிக்கு மெஷினை நிறுத்தி எல்லாரையும் கேன்டீனுக்கு வரச் சொன்னார்கள். சுவரில் வேட்டி கட்டி அதில் படம். முதலாளி வெள்ளைச் சட்டை. கணேசன் கோட். நெருப்புக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்கிற நாங்கள் அப்படியே வந்தோம்.

திரையில் ஒரு மூலையில் உயரம் ஓடியது. பத்து கிலோமீட்டர், ஐந்து, இரண்டு. உள்ளே இருப்பது கடைச் சரக்கு என்று தெரிந்தும், அவ்வளவு தூரம் போனது பத்திரமாக இறங்கட்டுமே என்றுதான் இருந்தது. யார் பெற்ற பிள்ளையானால் என்ன?

நூற்று எண்பது மீட்டர் என்று காட்டியது. அதோடு நின்றுவிட்டது.

"இறங்கிருச்சா?" முதலாளி.

"பஃபரிங், மாமா" கணேசன்.

இலை வாட்டுகிற மாடியில் வேலை செய்யும் சங்கிலி பின்னால் இருந்து, "அங்கயும் டவர் கிடைக்கலீங்களா?" என்றான். கேன்டீனே சிரித்தது. திரையில் கம்பெனிக்காரர்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரு பெண் ஹெட்ஃபோனைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது புரிந்துவிட்டது. பாவமாக இருந்தது. எத்தனை வருஷ வேலையோ.

நாலு மணிக்கு மெஷினை மறுபடி ஓட்டினோம். அதற்குள் புளிக்க வைத்த இலை ஒரு பாத்தி வீணாகிவிட்டது.

பிப்ரவரி 11

'கடினமான தரையிறக்கம்' என்று கம்பெனி அறிக்கை விட்டிருக்கிறது. நொறுங்கிவிட்டது என்பதற்கு அமெரிக்கப் பாஷை.

போனில் சொன்னேன். இவர், "போன வருஷம் ஏணியில இருந்து விழுந்தேனே, நானும் அதைத்தான் பண்ணியிருக்கேன்னு தெரியாமப் போச்சு" என்கிறார்.

கணேசன் வாங்கிய முழு இலையும் இப்போது தூள் தூளாகத்தான் கிடக்கும். டஸ்ட் கூடாது என்றார்களே, அனுபவிக்கட்டும்.

பிப்ரவரி 19

பேசிட்டேன். என்ன ஆகப்போகுதோ தெரியல.

பேப்பர்ல இருந்து கெஸியான்னு ஒரு பொண்ணு வந்துச்சு. நிலாவுல விழுந்த நம்ம ஊரு டீயைப் பத்தி எழுதணுமாம். முதலாளிக்கு வாயெல்லாம் பல்லு. "இதுதாங்க அந்த டீ"ன்னு ஒரு டம்ளர் கொண்டுவரச் சொன்னார். நல்லதா கேன்டீன்ல வேற ஏது? ஆகஸ்ட்ல நான் போட்டதுல மிச்சம் இருந்த தூளைத்தான் போட்டுக் குடுத்தாங்க. அந்தப் பொண்ணு குடிச்சுட்டு ரெண்டாவது டம்ளர் கேட்டுச்சு. "இதை யாருங்க போட்டது?"

முதலாளி கணேசனைக் காட்டினார்.

"எவ்வளவு நேரம் புளிக்க விட்டீங்க சார்?"

கணேசன் கொஞ்சமும் யோசிக்கல. "ஓவர்நைட்."

ராத்திரி பூரா! இட்லி மாவா அது? சங்கிலி சிரிச்ச சிரிப்புல கையிலிருந்த கூடை விழுந்துருச்சு. சி.டி.சி. தூளுக்கு ஒரு மணி நேரம் தாண்டினாலே வாசம் செத்துரும்.

எனக்குச் சிரிப்பு வரல. என் தூளு. கொர்னேலியஸ் ஐயாவே விழுங்கின என் தூளு. அதைக் குடிச்சுட்டு அவன் பேரை எழுதிக்கிட்டு இருக்கு அந்தப் பொண்ணு.

"அம்பத்தஞ்சு நிமிஷம்" அப்படின்னேன். "போட்டது நான். நிலாவுக்குப் போனது இது இல்லை. அது பஜார்ல வாங்கினது."

அந்தப் பொண்ணு பேனாவை நிறுத்தவே இல்ல.

பிப்ரவரி 20

"நாளையிலிருந்து வர வேண்டாம்." இவ்வளவுதான். பதினெட்டு வருஷத்துக்கு மூன்று வார்த்தை.

பிப்ரவரி 28

இவர் வந்தார். கிண்டல் இல்லை. அது இன்னும் பயமாக இருந்தது. "நீ சொன்னது சரிதான்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவினார்.

கேத்தியில் கேரட் கழுவுகிற இடத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று பக்கத்து ஊட்டு மூக்கம்மாக்கா சொன்னார். போகலாமா? கேரட்டில் மோந்து பார்க்க என்ன இருக்கிறது?

மார்ச் 4

கேரட். முழங்கை வரை ஐஸ் தண்ணீர். மோந்து பார்க்க ஒன்றும் இல்லை.

மார்ச் 9

கொர்னேலியஸ் ஐயா போன் செய்தார். பாக்கியிருந்த லீவை எல்லாம் ஒரேயடியாகப் போட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டாராம், நான் போன மறுவாரமே. "இருந்து சொல்லிக்குடுங்கன்னு கெஞ்சினாங்க. முதுகுவலின்னுட்டேன்." சொல்லும்போது முதுகு நன்றாகத்தான் இருந்தது போல, அப்படிச் சிரிக்கிறார்.

மார்ச் 17

கேரட் கழுவிவிட்டு வந்தால் வாசலில் முதலாளி கார்.

உட்காரச் சொன்னேன். டீ கொடுத்தேன். ஒரு வாய் குடித்ததும் முகம் மாறியது. கீழ் ரோட்டு ஃபேக்டரித் தூள் அது. இருந்தும் குடித்து முடித்தார்.

கணேசன் மூன்று வாரத்தில் பன்னிரண்டு லாட் கெடுத்திருக்கிறான். அதில் நான்கு, ஏலத்துக்குப் போய் விலை போகாமல் திரும்பிவிட்டது. இலை கொடுக்கிற சின்ன விவசாயிகள் கீழ் ரோட்டுக்கு மாறிக்கொண்டிருக்கிறார்கள். "மறுபடி வாம்மா. அசிஸ்டென்ட்டா இருந்து அவனைக் கொஞ்சம் பார்த்துக்க."

"மாட்டேனுங்க" என்றேன்.

என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.

"பின்ன என்ன வேணும்கற?"

"நாற்பது பேர் முன்னாடி என்ன சொன்னீங்களோ அது."

"அது நிலாவுக்குப் போனாத்தானே?"

"நிலாவுக்கு யாரோடதுதான் போச்சு, முதலாளி?"

டம்ளரைக் கீழே வைத்தார். எழுந்து செருப்பை மாட்டும்போது, "அந்தப் பாக்கெட்டெல்லாம் என்ன பண்றது?" என்று என்னையே கேட்கிறார். 'இறங்கிய' என்பதன் மேல் ஸ்டிக்கர் ஒட்டச் சொன்னேன்.

கார் திரும்பிய பிறகுதான் கவனித்தேன், வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. இரண்டும் கெட்டான். வாய் கொஞ்சம் நீளமாகிவிட்டதோ?

மார்ச் 22

கேரட்.

ஏப்ரல் 1

அவசரமாக எழுதுகிறேன். நான் கேட்டபடியே வரச் சொல்லி முந்தாநாள் ஆள் அனுப்பினார்கள். காலை ஆறரைக்கே போய்விட்டேன். நல்ல பனிமூட்டம், பத்தடியில் ஆள் தெரியவில்லை. புளிக்க வைக்கிற இடத்தில் நின்று ஒரு கை அள்ளி மோந்துகொண்டிருந்தேன். மாடிப்படியிலிருந்து சங்கிலி குனிந்து பார்த்துக் கூப்பிட்டான்.

"ஐயா, இலை வந்திருச்சுங்க!"

நாக்கைக் கடித்துக்கொண்டான். அக்கா என்பதா, அம்மா என்பதா, அவனுக்குத் தெரியவில்லை. கீழே எல்லாரும் கையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள்.

"எடை போடு, வர்றேன்" என்றேன்.