கஞ்சி வைத்த உலர்பெட்டி

மார்ச் 5
கிருசிகாவின் படலத்தை இன்றும் ஆய்வுகூடத்தில் எங்கள் சேர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கண்ணாடி மாதிரி வந்திருக்கு." என்னுடையதைக் கையில் எடுக்கவே இல்லை. இரண்டு பேருக்கும் ஒரே வேலைதான். பற்றரிக்குள் தீப்பிடிக்கிற திரவத்துக்குப் பதிலாக, லித்தியம் அயன்களைக் கடத்தும் காய்ந்த படலம் செய்வது. யாருடையது கூடுதலாகக் கடத்துகிறதோ அவளுக்கு ஜப்பானில் மேற்படிப்பு. ஓரிடம்தான்.

மார்ச் 6
உம்மாவுமா! "அந்தக் காரைதீவுப் புள்ள என்ன கெட்டிக்காரி. ஒரு நாளைக்கு நோன்புக் கஞ்சி கொண்டு குடு மகள்." எனக்கு வயிறு எரிகிறது, இதில் கஞ்சி வேறு.

மார்ச் 11
அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலில் கஞ்சி வாங்கி அவளுக்கும் கொண்டுபோனேன். மேசை முழுக்க எறும்பு. அவளுடைய படலம் ஈரம் படாமல் இருக்கும் உலர்பெட்டிக்குள் வைத்தேன். எறும்பு ஏறாத இடம் அது ஒன்றுதான். மஃரிபுக்கு, நோன்பு திறக்கும் நேரம், எடுத்து இருவரும் குடித்தோம்.

மார்ச் 12
அவளுடைய படலம் என்னுடையதைவிடப் பல மடங்கு கடத்துகிறது! சேர் எல்லாருக்கும் தின்ன ரோல்ஸ் வாங்கினார். நோன்பு என்பதால் எனக்கு மட்டும் பொதியாகக் கட்டித் தந்தார். அவளுடைய வெற்றியை நான் வீட்டுக்குக் காவிக்கொண்டு போகவேண்டுமாம்.

மார்ச் 14
அவளுடைய பெட்டியில் நீலமாக இருக்கவேண்டிய சிலிக்கா மணிகள் ரோஸ் நிறம். ஈரம் குடித்திருக்கின்றன. எப்படி?
யா அல்லாஹ். கஞ்சி. இறுக மூடாத சுடுகஞ்சி. அந்த ஆவியைப் படலமும் குடித்திருக்கிறது. ஈரம் இருந்தால் அயன் ஓடத்தானே செய்யும். அவள்ட கெட்டித்தனமில்ல, தண்ணி!
எவ்வளவு சந்தோசம். பிறகுதான் — வெச்சது ஆரு? நான். சொன்னால் இருவருக்கும் ஏச்சு. சொல்லாவிட்டால் அவள் ஜப்பானில்.

மார்ச் 17
மணிகளை அவளும் கண்டுவிட்டாள். சேரிடம் போய், "ஈரம் பட்டிட்டு சேர். கஞ்சிய உள்ளுக்க வெச்சது நான்தான்" என்றாளாம். சரியான ஏச்சு. ஜப்பான் எனக்கு. உம்மா பின்னேரமே குளிர்ச்சட்டை வாங்கி வந்துவிட்டா.
எனக்காக ஏச்சு வாங்கச் சொல்லி ஆர் இவளைக் கேட்டது?

மார்ச் 18
சேரிடம் உண்மையைச் சொன்னேன். நல்லவள் என்பதால் அல்ல. இதிலும் அவள் முந்தக்கூடாது. இரண்டு படலத்தையும் நன்றாகக் காயவைத்து மறுபடி அளக்கச் சொன்னார். கிருசிகா, "ஏன் சொன்னாய்?" என்றாள். நான் என் படலத்தைக் காயவைக்கப் போனேன்.

மார்ச் 24
காய்ந்த பிறகும் அவளுடையதுதான் மேல். கொஞ்சம்தான். ஆனால் மேல். ஜப்பான் அவளுக்கு.

மார்ச் 31
பெருநாள். உம்மாவின் கரைச்சல் தாங்காமல் கிருசிகாவை வீட்டுக்குக் கூப்பிட்டேன். வட்டிலப்பம் கேட்டு வாங்கித் தின்றாள். போகும்போது குளிர்ச்சட்டையைக் கொடுத்தேன். கண்ணாடி முன் நின்று போட்டுப் பார்த்தாள்.
என்னைவிட அவளுக்குத்தான் எடுப்பாக இருக்கிறது.