விமானத்தின் முகத்தைப் பிடித்தவர்

அன்புத் தம்பிக்கு, அக்கா எழுதுவது.

நான் நலம். 'நாங்கள் நலம்' என்று எழுத மனம் வரவில்லை. குண்டுகளுக்கு நடுவில் பீரங்கிக் குதிரைகளை ஓட்டுகிறவனுக்கு வீட்டுக் கவலை எதற்கு, எனக்குச் சின்னக் காயம் என்று மட்டும் எழுது என்கிறார் அத்தான். எனக்குப் பொய் எழுதத் தெரியாது.

போரில் காயப்பட்டவர்களுக்கு நிதி திரட்ட ஒரு விமானம் ஊர் ஊராக வந்து வேடிக்கை காட்டுகிறது. நம் லாடப் பட்டறைக்குப் பின்னால் அறுவடை முடிந்த வயலில்தான் அது இறங்கியது. ஊரே திரண்டிருந்தது. கூட்டத்தைத் தடுக்கக் கட்டியிருந்த கயிற்றை ஒட்டி நான் முன்வரிசையில் நின்றேன். லாடக்காரர் பெண்டாட்டிக்கு எங்கே போனாலும் முதல் மரியாதைதான் என்று கசாப்புக்காரர் கேலி செய்தார்.

இறங்கிய விமானம் நிற்கவில்லை. பறக்கக் கற்றவர்கள் அதை நிறுத்த ஒரு தடைக்கட்டைகூட வைக்கவில்லை, பாவிகள்! கயிற்றைப் பார்த்து நேரே எங்கள் மேல் வந்தது. எல்லோரும் பின்னால் ஓடினார்கள். எனக்குக் கால் நகரவில்லை. அத்தான் ஒருவர்தான் முன்னால் ஓடினார். மிரண்ட குதிரையை மறிப்பதுபோலவே பக்கவாட்டில் ஓடிப் போய் அதன் முகத்துக்குக் கை நீட்டினார். விமானத்தின் மூக்கில் இருந்த மரக் காற்றாடி சுற்றுகிற வேகத்தில் அவர் கண்ணுக்கே தெரியவில்லையாம்.

வலது கை முழங்கைக்கு மேலே துண்டாகி என் காலருகே வந்து விழுந்தது. விரல்கள் மடங்கியிருந்தன. அப்போதும் மனிதர் இடது கையால் இறக்கைக் கம்பியைப் பிடித்து இழுத்திருக்கிறார். விமானம் திரும்பி மண்ணில் குத்தி நின்றது.

விமானக்காரன் குதித்து ஓடி வந்து, தன் இடுப்பு வாரைக் கழற்றி அவர் கையின் மிச்சத்தை இறுக்கிக் கட்டத் தொடங்கினான். அதற்குள் கூட்டம் அவன் மேல் பாய்ந்தது. கசாப்புக்காரர் உதைத்ததில் அவன் பல் உடைந்து அத்தான் மார்பில் விழுந்தது. நானும் செருப்பைக் கழற்றி அடித்தேன். அவ்வளவு அடியிலும் அவன் வாரை விடவில்லை. விட்டிருந்தால் உயிர் போயிருக்கும் என்று டாக்டர் பிறகுதான் சொன்னார். அடிக்காதீங்கடா, அவன் முடிச்சுப் போடட்டும் என்று அத்தான் கத்தியது அப்போது யார் காதிலும் ஏறவில்லை. சிப்பாய்களுக்கென்று ஊரில் சேர்த்து வைத்திருந்த கட்டுத்துணியெல்லாம் அவர் ஒருவருக்கே சரியாகிவிட்டது.

இப்போது காய்ச்சல் தணிந்திருக்கிறது. தூக்கத்தில், இல்லாத கையால் சுத்தியலைத் தேடுகிறார். நான் அழுதால் எரிந்து விழுகிறார்.

தம்பி, ஓடுகிற குதிரையைத் துரத்தாதே, முன்னால் போய் முகத்தைப் பிடி என்று உனக்குச் சொல்லிக் கொடுத்தவரும் இவர்தான். அதை மறந்துவிடு. அவர் மறித்ததால்தான் நான் உயிரோடு இருக்கிறேன் என்று ஊரே சொல்கிறது. சொல்லட்டும். அங்கே எது மிரண்டு ஓடினாலும் ஒதுங்கி நில். கோழை என்று எவன் சிரித்தாலும் சிரித்துவிட்டுப் போகட்டும்.

உலையை நான் அணையவிடவில்லை. வீட்டில் இப்போது மூன்று கைகள்தான் இருக்கின்றன. உன்னோடு சேர்த்தால் ஐந்து. அதில் ஒன்றுகூடக் குறையாமல் வந்து சேர், என் ராசா.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அக்கா