வலது கைக்குச் சிவப்பு, இடது கைக்குப் பச்சை

பல்லைப் பிடுங்கினாலும் சிரிக்க வைத்தே அனுப்பிய டாக்டர் அண்ணாவுக்கு,

முதலில் நல்ல சேதி. கண் முகாம் முடிந்துவிட்டது. இருபத்தெட்டுப் பேருக்கும் ஆபரேஷன் ஆகி, எல்லாரும் நல்லபடியாக வீடு திரும்பிவிட்டார்கள். இப்போது மூச்சு விட்டுக்கொள்ளுங்கள். அங்கே மேலே மூச்சு விடும் வழக்கம் இல்லை என்றால் பரவாயில்லை, உங்களுக்கும் சேர்த்து நானே விட்டுவிட்டேன்.

நீங்கள் போன பிறகு கிளப்பில் நடந்த முதல் கூட்டத்தில் உங்கள் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. வக்கீல், மாம்பழக்கூழ் ஃபாக்டரிக்காரர், தலைவராகியிருக்கும் பேங்க் மேனேஜர் எல்லாருக்கும் ஒரே பேச்சு. "டாக்டர் இல்லாம கண் முகாம் கஷ்டம். ஒரு தப்பு நடந்தா ஊர்ல கிளப் பேரே போயிடும். நிறுத்திக்கலாம்."

நான் சும்மா இருப்பவளா? "பல் டாக்டர் கண் முகாம் நடத்தலாம், லாட்ஜ் பெட்ஷீட் வெளுக்கிறவ நடத்தக் கூடாதா?" என்றேன். ஒரு தொழிலுக்கு ஒருவர் என்று ஆள் எடுக்கும் இந்தப் பெரிய மனுஷர்கள் கிளப்பில், லாண்டரிக்காரி என்று என்னை உள்ளே இழுத்துவிட்டதே நீங்கள்தானே? தலைவர் யோசித்தார். இந்த ஒரு வருஷம் பார்ப்போம், குளறுபடி ஆனால் இதோடு சரி என்று சொல்லி, கூட்டம் முடிந்ததென்று மணியை அடித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் பயம் பிடித்தது. ஏன் என்று உங்களுக்கு மட்டும்தான் தெரியும். எந்தக் கண்ணுக்கு ஆபரேஷன் என்று கண் டாக்டர் சீட்டில் இங்கிலீஷில் எழுதுவார். அதைப் பார்த்து, அந்தக் கண்ணுக்கு மேலே நெற்றியில் பிளாஸ்டர் ஒட்டுவது என் வேலை. மூன்றாம் வகுப்போடு நின்றவளுக்கு இங்கிலீஷ் எங்கே வரும்? அதற்காகவே ஒவ்வொரு வருஷமும் நீங்கள் சீட்டை முதலில் வாங்கி, பஸ் கண்டக்டர் மாதிரி "வலது! இடது!" என்று கத்துவீர்கள். "ஏண்ணா இப்படித் தொண்டை கிழியக் கத்துறீங்க?" என்று நானும் ஒன்றும் தெரியாதவள் போலக் கேலி செய்வேன். நம் நாடகம் எப்படி!

இந்த வருஷம் கத்த ஆள் இல்லை. அதனால் என் தொழில் புத்தியைக் காட்டினேன். எந்த லாட்ஜ் பெட்ஷீட் எது என்று நான் எழுதியா வைக்கிறேன்? மூலையில் கலர் நூல் தைத்துவிடுவேன். எத்தனை தடவை வெளுத்தாலும் போகாது. கங்காதர நெல்லூரில் நடந்த முகாமுக்கு அந்த நூல்கண்டுகளை எடுத்துக்கொண்டு போய், கண் டாக்டர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். "எந்தக் கண்ணுன்னு எழுதும்போதே வாயால சொல்லிடுங்க சார்." வலது என்றால் வலது மணிக்கட்டில் சிவப்பு, இடது என்றால் இடது மணிக்கட்டில் பச்சை. பிளாஸ்டரையும் விடாமல் ஒட்டினேன்.

தெலுங்குக்காரரான தலைவர் வந்து பார்த்து, "ஏமம்மா, ராக்கி கட்றீங்களா?" என்று சிரித்தார்.

"ஆமா சார். நீங்களும் கைய நீட்டுங்க, அண்ணனாக்கிடறேன்."

மறுநாள் காலை எல்லாரையும் பஸ்ஸில் ஏற்றித் திருப்பதி ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். திருப்பதிக்குக் கொஞ்சம் முன்னால் டீக்கு நிறுத்தினோம். நானும் தலைவரும் டீ குடித்துவிட்டு ஏறிப் பார்த்தால், இருபத்தெட்டு நெற்றியிலும் பளிச்சென்று நாமம்! மலை தெரிகிறது என்று யாரோ கை கூப்ப, நாமக் கிண்ணத்தோடு ஒருவன் ஏறி எல்லாருக்கும் போட்டுவிட்டிருக்கிறான். பிளாஸ்டர் ஒன்றுகூட ஒட்டிய இடத்தில் இல்லை.

"இன்னா மாமா இது?" என்று முன் சீட்டில் இருந்த முனிரத்தினம் மாமாவைக் கேட்டேன்.

"இன்னாம்மா நீ, பெருமாள் ஊருக்கு வந்துட்டு மொட்டை நெத்தியோட போறதா? பிளாஸ்டரக் கயட்டி வெச்சிட்டு, நாமம் போட்டுக்கினு, மறுபடி ஒட்டிக்கினோம். ஒண்ணும் வேஸ்ட் ஆவல."

"எந்தப் பக்கம் ஒட்டுனீங்க?"

"நாமத்துக்கு எடைஞ்சல் இல்லாத பக்கம்."

தலைவர் முகம் என் மெஷினில் போட்டு எடுத்த மாதிரி வெளுத்துவிட்டது. சீட்டுகளைக் கண் டாக்டர் முந்தின நாளே ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போய்விட்டார். சீட்டும் குறியும் ஒத்துப்போகாவிட்டால் அங்கே அன்றைக்கு ஆபரேஷன் செய்ய மாட்டார்கள். முதலிலிருந்து பரிசோதனை, வேறு தேதி. அப்படித் திரும்பி வந்தால் முகாமுக்கு அதுவே கடைசி. "அயிப்போயிந்தி, எல்லாம் முடிஞ்சுது" என்று அவர் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எல்லாரும் நூல் கட்டின கையத் தூக்குங்க!" என்றேன். பஸ் முழுக்கச் சிவப்பும் பச்சையும்.

ஆஸ்பத்திரி வாசலில் நர்ஸம்மா சீட்டையும் மணிக்கட்டையும் ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார். கடைசி ஆளையும் பார்த்துவிட்டு, "அந்தா கரெக்டே" என்றார். எல்லாமே சரியாம். நான் அப்படியே முனிரத்தினம் மாமா மேலேயே சாய்ந்துவிட்டேன். கண் தெரியாதவர் என்னைப் பிடித்து உட்கார வைத்தார்.

போன வாரக் கூட்டத்தில், நூல் கட்டும் யோசனை எப்படி வந்தது என்று தலைவர் கேட்டார். பெருமையாக எதையாவது அளக்கலாமா என்று பார்த்தேன். உங்கள் நாற்காலி கண்ணில் பட்டது. "எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது சார். பயத்துல கட்டினேன்" என்று சொல்லிவிட்டேன்.

வக்கீல் சட்டென்று சொன்னார். "அது எங்களுக்குத் தெரியுமேம்மா. முகாம்ல அவ்ளோ சின்ன ரூம்ல டாக்டர் அந்தக் கத்து கத்தினாரே, எங்களுக்கென்ன காது செவிடா?"

இத்தனை வருஷமாக எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, அண்ணா. ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. அவர்களுக்குத் தெரியும் என்பது உங்களுக்குத் தெரியுமா? தெரிந்தேதான் கத்தினீர்களா?

முனிரத்தினம் மாமா கட்டு பிரித்ததும் என்னைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தையையும் கேளுங்கள். "நீ இவ்ளோ வயசானவளா? குரலக் கேட்டு சின்னப் பொண்ணுன்னு இல்ல நெனச்சிக்கினு இருந்தேன்!" அடுத்த வருஷம் அவருடைய இன்னொரு கண்ணுக்குத் தேதி வாங்கிவிட்டேன். முகாம் பொறுப்பும் எனக்குத்தான்.

அப்போது நூலும் கட்டுவேன், உங்களை மாதிரிக் கத்தவும் கத்துவேன். சீட்டைப் படிக்கத் தெரியாதவர்கள் முகாமில் என்னைத் தவிரவும் நிறைய இருக்கிறார்கள். தங்களுக்கு எந்தக் கண் என்று அவர்கள் காதிலும் விழட்டும்.

வலது எது இடது எது என்று இனி யாருக்கும் பயப்படாத உங்கள் தங்கை,
சரோஜா