பின்சீட்டிலிருந்து

20 ஜூன்

அன்புள்ள முன்சீட்டுக்கு,

கடிதம் எழுதுவதற்கு முதலில் மன்னித்துவிடு. கையில் போனை வைத்துக்கொண்டு தபால்தலை வாங்கி ஒட்டுகிறாளே, இவளுக்கு மண்டையிலும் அடிபட்டுவிட்டதா என்று நினைப்பாய். போனில் எழுதினால் நீ உடனே பதில் போடுவாய். நானும் உடனே ‘பரவாயில்லை’ என்று தட்டிவிடுவேன். அந்த வார்த்தை என் விரலுக்கு அவ்வளவு பழக்கம். காகிதத்தில் அதை எழுதக் கொஞ்சம் நேரம் பிடிக்கிறது. அதற்குள் யோசிக்க முடிகிறது.

மேல்தாடையையும் கீழ்த்தாடையையும் சேர்த்துக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள். இடது பக்கம் பல் போன இடைவெளி வழியாகத்தான் ஸ்ட்ரா போகிறது. பால், சூப்பு, மறுபடியும் பால். கட்டில் தலைமாட்டில் கம்பி வெட்டும் குறடு ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். வாந்தி வந்தால் மூச்சடைக்குமாம், உடனே கம்பியை வெட்டிவிட வேண்டுமாம். அம்மா அந்தப் பக்கம் பார்ப்பதே இல்லை. துணி தேய்க்கப் போகும் வீடுகளில் இரண்டை விட்டுவிட்டு, மத்தியானத்திலேயே இங்கே வந்து உட்கார்ந்துகொள்கிறாள்.

அண்ணன் மூக்குக்கண்ணாடிக் கடையை மூடியதும் நேரே வருகிறான். வந்தால் உன் புகழ்தான். “ஒத்தைப் பொண்ணு. மயங்கிக் கிடந்தவளை முதுகுல கட்டிக்கிட்டு அத்தனை தூரம் பைக் ஓட்டிட்டு வந்திருக்கா. எந்த ஆம்பளையால முடியும்?” என்று பக்கத்துக் கட்டில்காரம்மாவிடம் சொல்கிறான். அந்தம்மா, “கட்டிக்கப் போறவளைப் பத்தி இப்பவே இவ்வளவு பேசிட்டா அப்புறம் பேச என்னப்பா இருக்கும்?” என்று கேலி செய்தார். அவன் காது சிவந்துவிட்டது. பதிவு அலுவலகத்தில் அடுத்த மாதக் கடைசியில் நாள் வாங்கிவிட்டான். சாட்சிக் கையெழுத்து நான் போட வேண்டுமாம்.

தாடை மருத்துவர் ஒரு பெண். நேற்று என் இரண்டு கையையும் திருப்பிப் பார்த்தார். “வண்டியிலிருந்து விழுறவங்க முதல்ல கையைத்தான் ஊன்றுவாங்க. உன் உள்ளங்கையில ஒரு கீறல்கூட இல்லையேம்மா?” என்றார். நான் தலையாட்டினேன். எதற்குத் தலையாட்டினேன் என்று அவருக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை.

புது ஆய்வுக்கூடம் எப்படி இருக்கிறது? அணைக்கட்டு வேலை என்றால் நாளெல்லாம் கான்கிரீட் கட்டிகளை மிஷினில் நொறுக்கிச் சோதித்துக்கொண்டே இருப்பாய். அறைக்கு ஜன்னல் உண்டா?

உன்,
பின்சீட்டு


25 ஜூன்

அடியே பின்சீட்டு,

உன் கடுதாசி கிடைச்சுது. வாசல் காவலாளி நீட்டினதும் வக்கீல் நோட்டீஸோன்னு நினைச்சுட்டேன். தபால்தலை கோணலா ஒட்டியிருந்ததைப் பார்த்ததும்தான், அட நம்ம ஆளுன்னு உயிர் வந்துச்சு.

ஜன்னல் இருக்கு. அறைதான் இல்லை, தகரக் கொட்டகை. மத்தியானம் உள்ளே நின்னா ரொட்டி மாதிரி வெந்துடலாம். மிஷின் புதுசு, ஆனா ஆளுங்க பழசு. நேத்து ஒரு கட்டி வெடிச்சு, துண்டு தெறிச்சு உதவியாளர் நெத்தியைக் கிழிச்சிடுச்சு. மிஷினோட வலைக்கதவைச் சாத்துங்கன்னு தலையில அடிச்சுக்கிட்டேன், கேட்டாத்தானே? கண்ணு முழுக்க ரத்தம். எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் ஓடறாங்க. நான்தான் துணியை வச்சு அமுக்கிப் பிடிச்சேன். என் சட்டை போச்சு.

அந்த விபத்தையே நினைச்சுக்கிட்டுக் கிடக்காதே. நடந்தது நடந்துபோச்சு. மருத்துவருங்க அப்படித்தான், எதையாவது துருவிக்கிட்டே இருப்பாங்க. நீ கண்ணை மூடித் தூங்கற மாதிரி படுத்துக்கோ.

என் மேல கோபமில்லையே? இல்லைன்னு ஒரே ஒரு வரி எழுதிப் போடு. சத்தியமாத் தூக்கம் வரலைடி.

இன்னும் கொஞ்ச நாள்ல நான் உனக்கு அண்ணி. இப்பவே கூப்பிட்டுப் பழகு. வாயைத் திறக்க முடியலைன்னா எழுதிப் பழகு.

முத்தங்கள், வலது கன்னத்துல மட்டும்.

முன்சீட்டு


2 ஜூலை

அன்புள்ள முன்சீட்டுக்கு,

கோபமில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கிழித்த தாள்களை அம்மா சேர்த்து வைத்திருக்கிறாள், அடுப்பு பற்றவைக்க ஆகுமாம். வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நீ ‘விபத்து’ என்று எழுதியிருந்தாய். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நீதான் சொல்லிக்கொடுத்தாய்: “கட்டி எப்படி உடைஞ்சுதுன்னு முதல்ல எழுது. ஏன் உடைஞ்சுதுன்னு அப்புறம் பார்க்கலாம்.” அப்படியே எழுதிப் பார்க்கிறேன்.

விடியும்போது கிளம்பினோம். கல்யாணம் ஆகிவிட்டால் நீ அண்ணி, நான் நாத்தனார், அப்புறம் நமக்குள் பஞ்சாயத்துதான், அதற்குமுன் சனி ஞாயிறு இரண்டு நாள் நாம் மட்டும் பாலைவனம் என்றாய். சிரித்துக்கொண்டே ஏறினேன். பின்சீட்டில் உட்கார்ந்தால் எனக்கு உலகம் என்பது உன் தோள். இரண்டு பக்கமும் கொஞ்சம் சாலை தெரியும், அவ்வளவுதான்.

நெடுஞ்சாலையில் ஒரு வேன் நம்மை ஓரங்கட்டியது. ஓட்டியவன் தலையை நீட்டி, “பொம்பளைக்கு எதுக்கு இவ்ளோ பெரிய வண்டி?” என்றான். நீ வேகமெடுத்து அவன் பக்கத்தில் போய், காலைத் தூக்கி ஒரே உதை. வேனின் பக்கக் கண்ணாடி உடைந்து சாலையெங்கும் சிதறியது. ஒரு சில்லு என் முழங்காலில் வந்து விழுந்தது. நான் உன் முதுகில் தட்டிக்கொடுத்தேன்.

தார்ச்சாலை முடிந்து மணல் தொடங்கியது. டயரில் கொஞ்சம் காற்றை இறக்கினால்தான் மணலில் பிடிக்கும் என்று எங்கோ படித்ததைச் சொன்னேன். “பின்சீட்டெல்லாம் வாயைத் திறக்குது பாரு” என்று வானத்தைப் பார்த்துச் சொன்னாய். எனக்கும் சிரிப்பு வந்தது.

முதல் மேட்டிலேயே பின்சக்கரம் புதைந்தது. நீ முறுக்க முறுக்க இன்னும் புதைந்தது. வண்டி மெதுவாகப் பக்கவாட்டில் படுத்தது. நான் மணலில் உட்கார்ந்தேன். அதை விழுந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. அங்கே கூடாரம் அடித்திருந்த வண்டிக்காரர்கள் ஓடிவந்து தூக்கிவிட்டார்கள். தாடிக்காரர் ஒருவர் டயரை அமுக்கிப் பார்த்து, “காத்தை இறக்காம மணல்ல யாரும்மா ஓட்டுவா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உன்னைப் பார்த்து இல்லை. நான் சொன்ன ஒன்றை இன்னொருவரும் சொல்கிறாரே, என் வாயிலிருந்து வந்தது ஒருமுறையாவது சரியாக இருந்ததே என்று சிரித்தேன்.

நீயும் சிரித்தாய். அவர்கள் கொடுத்த தண்ணீரைக் குடித்து நன்றி சொன்னாய். காற்றை இறக்கிக்கொண்டு, அந்தக் கூடாரங்கள் கண்ணுக்கு மறையும்வரை ஓட்டினாய். பிறகு நிறுத்தினாய். ஸ்டாண்டு மணலில் இறங்காமலிருக்க அடியில் ஒரு தட்டைக்கல் தேடி வைத்தாய். ஹெல்மெட்டைக் கழற்றி முடியை உதறிவிட்டுக்கொண்டாய். அவ்வளவு நிதானம்.

“இன்னொரு தடவை சிரி” என்றாய்.

விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தேன்.

ஹெல்மெட்டின் விளிம்பு தாடையில் இறங்கியது. முதலில் வலியில்லை, சத்தம்தான். கட்டி உடைவதற்குக் கொஞ்சம் முன்னால் மிஷினுக்குள்ளிருந்து மெல்லிசாக ஒரு சத்தம் வருமே, அது என் காதுக்குள்ளிருந்தே வந்தது. அடுத்த அடியில் பல் போனது. நாக்கின் மேல் கூழாங்கல் மாதிரி உருண்டது. கீழே சாய்ந்ததும் விலாவில் உன் பூட்ஸ். ஒவ்வொரு உதைக்கும் “சிரி, சிரிடி” என்றாய். வாய் நிறைய மணல். ரத்தம் மணலில் ஊறாமல் உருண்டை உருண்டையாகத் திரண்டது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கையை நீட்டி உன்னைத் தடுக்க வேண்டுமென்றுகூடத் தோன்றவில்லை. அதனால்தான் என் உள்ளங்கை சுத்தமாக இருக்கிறது.

அப்புறம் நிறுத்தினாய். ஹெல்மெட்டைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். “ஐயோ என் கண்ணே” என்று அலறினாய். பை கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து என்னை உன் முதுகோடு சேர்த்துக் கட்டினாய். வழியெல்லாம் அழுதாய். உன் முதுகு குலுங்கக் குலுங்க என் தாடையில் இடித்துக்கொண்டே வந்தது. அண்ணன் சொல்வதில் பொய்யில்லை. நீ என்னைக் காப்பாற்றத்தான் செய்தாய்.

அவசரப் பிரிவில் நர்ஸ் “என்னாச்சு?” என்றதும், “விழுந்துட்டா” என்றாய். என் விரலை அழுத்தினாய். தலையாட்டினேன்.

இதில் எதையாவது தவறாக எழுதியிருந்தால் திருத்து.

பின்சீட்டு


9 ஜூலை

பின்சீட்டு,

எதுக்குடி இதையெல்லாம் எழுதறே? யார் கையிலாவது கிடைச்சா? படிச்சதுமே கிழிச்சுக் கழிவறையில போட்டுட்டேன்.

திருத்தறதுக்கு ஒண்ணுமில்லை. சரியா?

எனக்குக் கோபம் வரும். உனக்குத் தெரியாததா? நம்ம மேலாளர் உன் இங்கிலீஷை நடிச்சுக் காட்டி மொத்தக் கூடத்தையும் சிரிக்க வச்சாரே, அன்னைக்குக் கொதிக்கிற தேநீரைத் தூக்கி அவர் கழுத்துல ஊத்தினது யாரு? உன்னால வாயைத் திறக்க முடியலை, நான் திறந்தேன். இந்த இடமாற்றமே அதுக்குத்தான். அப்ப மட்டும் என் கோபம் இனிச்சுதா?

பொம்பளை வண்டி ஓட்டினா ஊரே சிரிக்கும்டி. சிக்னல்ல சிரிப்பான், பெட்ரோல் போடறவன் சிரிப்பான். அதெல்லாம் எனக்குத் தூசி. நீ சிரிச்சதுதான் தாங்கலை. என் பின்னாடி உட்கார்ந்திருக்கிறவ நீ ஒருத்திதானே.

உன் அண்ணன்கிட்ட எனக்குக் கோபமே வராது. பூனைக்குட்டி மாதிரி ஒரு மனுஷன். வந்தாலும் ஒரு நிமிஷம்தான். ஞாயித்துக்கிழமை என்னைப் பார்க்க வந்தார். பஸ் போயிடுச்சுன்னு மூணு மணி நேரம் லேட்டு, போன் கூடப் பண்ணலை. கொஞ்சம் சண்டை. உடனே சமாதானம். அவரே சிரிச்சிட்டார். உன்னை மாதிரி மனசுல போட்டுப் பூட்டி வைக்கிற ஆள் இல்லை அவர்.

கல்யாணத்துக்குப் புதுச் செருப்பு வாங்கியிருக்கேன், உனக்கும் சேர்த்து. உன் கால் அளவு எனக்கு மறக்குமா? இனிமே இதை எழுதாதே. நான் உன் காலைத் தொட்டுக் கேக்கறேன்.

முன்சீட்டு


14 ஜூலை

அன்புள்ள முன்சீட்டுக்கு,

எழுதாதே என்றாய். மறுபடியும் மன்னித்துவிடு.

தேநீர் ஊற்றிய அன்று எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. மேலாளர் கழுத்தில் கொப்புளம் எழும்பியதைப் பார்த்தேன், ஆனாலும் சந்தோஷம் குறையவில்லை. எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். எல்லோரும் பெருமைப்பட்டார்கள், யாரும் எனக்காகச் சண்டை போட்டதில்லை. நீதான் போட்டாய். அதனால்தான் அந்த வேன் கண்ணாடி உடைந்தபோதும் உன் முதுகில் தட்டிக்கொடுத்தேன். விரிசலின் சத்தம் எனக்கு அன்றே கேட்டிருக்க வேண்டும். அதைக் கேட்பதற்குத்தான் எனக்குச் சம்பளமே கொடுக்கிறார்கள்.

நீ எழுதிய அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் உன்னிடமிருந்து திரும்பி வந்தான். மூக்கின் மேல் பிளாஸ்திரி. கண்ணாடியின் ஒரு காலை நூல் சுற்றிக் கட்டியிருந்தான். “பஸ்ஸுல தூங்கிட்டேன், முன்சீட்டுக் கம்பியில இடிச்சுக்கிட்டேன்” என்றான்.

உனக்கு அவனைத் தெரியும். பகலெல்லாம் அடுத்தவர் கண்ணாடியைத் தேய்த்துப் பொருத்துகிறவன். தன் கண்ணாடியை இரண்டு கையாலும் கழற்றுவான். கால் மணி நேரம் கண்ணயர்ந்தாலும் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைப்பான். வீட்டில் அதற்காக அவனை நாங்கள் கிண்டல் செய்யாத நாளில்லை. கண்ணாடியோடு அவன் பஸ்ஸில் தூங்க மாட்டான்.

அம்மா ஈரத்துணி எடுத்துவந்து ஒற்றினாள். அப்பா இருந்தவரை அம்மாவுக்கு இப்படித்தான் நடக்கும். காலையில் கன்னம் வீங்கியிருக்கும், “குளியலறையில வழுக்கிடுச்சு” என்பாள். தேய்ப்புப் பெட்டியின் முனை தடம் பதிந்த தோளைக் காட்டி, “நானே தெரியாம இடிச்சுக்கிட்டேன்” என்பாள். ஈரத்துணி எடுத்துவருவது அப்போது அண்ணன். நான் கதவுக்குப் பின்னால் நிற்பேன். அவன் துணியை ஒற்றிக்கொண்டே, “பார்த்துப் போகக் கூடாதாம்மா” என்பான். எல்லாம் தெரிந்துகொண்டே சொல்வான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா அவனிடம் அதையே சொன்னாள். “பார்த்துப் போகக் கூடாதாப்பா.” அவன் அம்மாவைப் போலவே சிரித்தான். உதடு மட்டும் விரியும், கண் தரையைப் பார்க்கும். நீ பார்த்த சிரிப்பும் அதுவாகத்தான் இருக்கும்.

கதவுக்குப் பின்னால் நின்ற அதே ஆளாக நான் உட்கார்ந்திருந்தேன், வாயில் கம்பியோடு. எங்கள் வீட்டில் அப்பாவோடு போய்விட்டது என்று நினைத்த வார்த்தையை மருத்துவமனையில் திரும்பவும் ஏற்றுக்கொண்டவள் நான்தான். நீ “விழுந்துட்டா” என்றபோது தலையாட்டாமல் இருந்திருந்தால், அவன் “இடிச்சுக்கிட்டேன்” என்று சொல்ல வேண்டி வந்திருக்காது.

உன்னை எனக்குப் பிடிக்காமல் போகவில்லை. போயிருந்தால் எளிதாக இருந்திருக்கும். இரவில் புரண்டால் விலா வலிக்கிறது, உடனே உன் நினைவு வருகிறது. நீ சாப்பிட்டாயா, அந்தத் தகரக் கொட்டகையில் எப்படித் தூங்குகிறாய் என்றுதான் அப்போதும் நினைக்கிறேன். செருப்பு என் அளவாகத்தான் இருக்கும், சந்தேகமில்லை. ஆனால் பதிவு அலுவலகத்தில் சாட்சி என்றால் பார்த்ததைச் சொல்கிறவள் என்றுதானே அர்த்தம்? நான் பார்த்தது ஒன்று, என் கையெழுத்துச் சொல்லப்போவது இன்னொன்று என்று இருந்தால், அந்தப் பேனா என் கையில் நிற்காது.

உன்,
பின்சீட்டு

கையெழுத்துப் போட்டு மடித்துவிட்டு மறுபடியும் பிரித்தேன். கேட்க நினைத்ததைக் கேட்காமலே ஒட்டிவிடப் பார்த்தேன், என் வழக்கப்படி. அடுத்த வாரம் வியாழக்கிழமை கம்பியைக் கழற்றுகிறார்கள். அண்ணன்தான் கூட வருகிறான். வாய் திறந்ததும் நான் பேசப்போகும் முதல் ஆள் அவன், முதலில் சொல்லப்போவதும் இதுதான். அதை என்னிடமிருந்து அவன் கேட்க வேண்டாம். அதற்கு முன்னால் நீ ஒருமுறை வந்து, அவன் எதிரில் உட்கார்ந்து, ‘விழுந்துட்டா’ என்று இல்லாமல், ‘நான் அடிச்சேன்’ என்று உன் வாயால் சொல்லிவிடு.